கடைக் கணக்கும் சமன்பாடும்

(ஆண்டிமடத்தில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



'கல்வியின் சிறப்பு' என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தச் சங்கம் மாலை வகுப்பு நடத்தி, தேர்வுக் கட்டணம் கட்டி, புத்தகம் வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறது. இந்த ஊரில் கல்வியின் சிறப்பை நான் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆகவே அவருடைய அனுமதியோடு தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். மளிகைக் கடைக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கும் ஒருங்கமை சமன்பாட்டைப் பற்றியும் பேசப் போகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பது என் துணிபு.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கணிதப் பட்டதாரி அல்லேன். வரலாறு படித்து பி.ஏ. பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்றவன். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த ஆண்டுகளில், வேறு ஆளில்லாத காரணத்தால், கணக்கு வகுப்பு என் தலையில் விழுந்தது. ஆகவே இங்கு வந்திருக்கும் கணித ஆசிரியர்கள் என் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.

ஒருங்கமை சமன்பாடு என்றவுடன் பலருக்கும் அச்சம் வந்துவிடுகிறது. 'எக்ஸ்' என்றும் 'ஒய்' என்றும் எழுதுவதனால் வந்த அச்சம் அது. அந்த எழுத்துகளை அழித்துவிட்டு அரிசி என்றும் பருப்பு என்றும் எழுதிப் பாருங்கள், அச்சம் போய்விடும். தெரியாத விலை இரண்டு இருந்தால் அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு செய்திகள் வேண்டும். மூன்று இருந்தால் மூன்று வேண்டும். அடிப்படை இவ்வளவுதான்.

இது புதிய சங்கதியும் அன்று. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த மகாவீரர் என்னும் சமணக் கணித அறிஞர் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை இயற்றினார். அதிலே ஒரு பழக்கடைக் கணக்கு வருகிறது. நாரத்தை இனத்துக் கனி 9, விளாம்பழம் 7, இவற்றின் விலை 107. நாரத்தை 7, விளாம்பழம் 9 என்றால் விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன என்பது கேள்வி. இரண்டையும் கூட்டினால் 16 நாரத்தையும் 16 விளாம்பழமும் 208; ஆகவே ஒரு சோடி 13. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 2 நாரத்தைக்கும் 2 விளாம்பழத்துக்கும் உள்ள வேறுபாடு 6. ஆகவே ஒன்றுக்கு 3. கூட்டுத்தொகை 13, வேறுபாடு 3; நாரத்தை 8, விளாம்பழம் 5. எழுதுகோல் இல்லாமலேயே முடிந்துவிட்டதல்லவா? அதற்கும் முன்னரே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன நூல் ஒன்றில், மூன்று தரத்துத் தானியக் கதிர்க்கட்டுகளில் எது எவ்வளவு தானியம் தரும் என்று மூன்று சமன்பாடுகளை அமைத்து, குச்சிகளை வரிசையாக அடுக்கி விடை கண்டிருக்கிறார்கள். அங்கே நெற்களம், இங்கே பழக்கடை. இந்தக் கணக்கு பிறந்த இடங்கள் இவை.

நம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் எண்சுவடியும் கணக்கதிகாரமும் பயின்றார்கள். ஆனால் அந்தத் திண்ணையில் ஏறி அமர நம் முன்னோர்க்கு இடம் இல்லை. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் நம்மவர் குழந்தைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்க நேர்ந்ததே அதற்குச் சான்று. கணக்குப் படிக்க முடியாதவனுக்கு மற்றவன் கணக்குப் போட்டுக் கொடுத்தான். என் தாத்தா சொல்லுவார்: கூலி நெல் அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், இரண்டும் ஒரே அளவு என்று சொல்லுவார்கள், களத்தில் நின்ற கண்ணுக்கு வேற்றுமை தெரியும், வாய் திறக்க முடியாது என்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்ததையும், 1956ஆம் ஆண்டின் சட்டத்தின்படி படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் படிப்படியாக வந்ததையும் பலர் தொல்லை என்றே பேசியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசு முத்திரை குத்திய ஒரே எடைக்கல் ஊர் முழுவதற்கும் என்று ஆனது கூலிக்காரனுக்குக் கிடைத்த பெரிய உரிமைகளுள் ஒன்று.

இனி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

1985ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் தாயார் வயல் வேலைக்கும், பருவத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்கவும் போவார். சனிக்கிழமை கூலி வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையில் அரிசியும் பருப்பும் கடனாக வாங்குவோம். அடுத்த சனிக்கிழமை பணம் கட்டுவோம். கடையில் எங்கள் பெயருக்கு ஒரு பற்று நோட்டு இருந்தது. அதிலே சாமானின் அளவு இருக்கும், மொத்தத் தொகை இருக்கும், தனித்தனி விலை இராது. தெருவில் எல்லாருடைய நோட்டும் அப்படித்தான். விலை என்ன என்று கேட்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. "எவ்வளவு ஆச்சுங்க" என்று மட்டுமே கேட்போம்.

பள்ளியில் ஆசிரியர் நீக்கல் முறை நடத்திய அன்று மாலை எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் 5 கிலோ அரிசியும் 1 கிலோ பருப்பும், மொத்தம் 28 ரூபாய். அடுத்த வாரம் 4 கிலோ அரிசியும் 2 கிலோ பருப்பும், மொத்தம் 32 ரூபாய். முதல் வாரத்தை இரட்டித்தால் 10 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, 56 ரூபாய். அதில் இரண்டாம் வாரத்தைக் கழித்தால் பருப்பு நீங்கிவிடும். 6 கிலோ அரிசி 24 ரூபாய். ஆகவே அரிசி கிலோ 4 ரூபாய், பருப்பு 8 ரூபாய். எழுதியிராத விலை தாளிலே வந்து நின்றது! அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பின்னாளில் பட்டம் வாங்கிய நாளில்கூட ஏற்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மகிழ்ச்சி ஒரு வாரம்தான் நீடித்தது. மூன்றாம் வாரம் 6 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு வாங்கினோம். என் கணக்குப்படி 32 ரூபாய் ஆக வேண்டும். நோட்டில் 33 ரூபாய் 50 காசு எழுதியிருந்தது. ஒன்றரை ரூபாய் திருட்டு என்று முடிவு கட்டிவிட்டேன். கடைக்கு ஓடினேன், நான்கு பேர் முன்னிலையில் கேட்டும் விட்டேன். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டா, பருப்பு ஒன்பதரை ஆயி நாலு நாளாச்சு, அது உன் நோட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பருப்பு விலை ஏறியது உண்மைதான். பக்கத்துக் கடையிலும் அதே விலைதான் என்று பிறகு தெரிந்தது. அன்றிரவு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இளைஞர்களே, இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். என் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. மூன்று வாரமும் விலை மாறாமல் இருந்தது என்று நானாக எண்ணிக்கொண்டதே பிழை. சமன்பாடு பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். விலை மாறியதா, எடை மாறியதா, எழுதியவர் கை தவறியதா, அல்லது மனமறிந்து செய்தாரா என்பதை அது சொல்லாது. அதை நாம் போய் விசாரித்துத்தான் அறிய வேண்டும். விசாரிப்பதற்கு முன்னால் குற்றம் சாட்டியதற்குத்தான் அன்று நான் தலைகுனிந்தேன்.

பல மாதங்கள் நோட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள், ஊர்த் தெருவிலிருந்து வந்து என்னோடு படித்த நண்பன் ஒருவன், தன் வீட்டுக் கடைச் சீட்டுகள் இரண்டைப் புத்தகத்தில் அடையாளத்துக்காக வைத்திருந்தான். அதே கடை. அவர்கள் ரொக்கம் கொடுத்து வாங்குபவர்கள். 6 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, 30 ரூபாய் 50 காசு. 8 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 56 ரூபாய் 50 காசு. முதலாவதை மூன்று மடங்காக்கினேன்: 18 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 91 ரூபாய் 50 காசு. இரண்டாவதைக் கழித்தேன்: 10 கிலோ அரிசி 35 ரூபாய். கிலோ மூன்றரை ரூபாய். பருப்பு ஒன்பதரை. அந்த வாரங்களில் எங்கள் நோட்டிலோ அரிசி 4 ரூபாய், பருப்பு ஒன்பதரை.

பருப்பில் வேற்றுமை இல்லை. அரிசியில் மட்டும் 50 காசு. இம்முறை கடைக்கு ஓடவில்லை. நண்பனிடம் ஒரு பிடி அரிசி கேட்டு வாங்கி வந்து தாயாரிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், பல்லில் கடித்துப் பார்த்தார், "ஒரே மூட்டைதான்" என்றார்.

கடைக்காரரின் அறிவுக்கூர்மையை நான் இன்றும் வியக்கிறேன். கடனுக்கான வட்டியை அவர் பருப்பின் மேல் ஏற்றவில்லை. பருப்பு விலை நான்கு கடையில் கேட்டால் தெரிந்துவிடும். அரிசியிலோ நூறு ரகம். ஒரு கடை அரிசியை மறு கடை அரிசியோடு ஒப்பிட இயலாது. மேலும், ஏழை வீட்டில் அதிகம் செலவாவது அரிசிதான். ஏற்றுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

50 காசுதானே என்று தோன்றலாம். ஒரு வாரம் பொறுத்துப் பணம் வாங்குவதற்கு மூன்றரை ரூபாய்க்கு 50 காசு. ஆண்டுக்கு 52 வாரம். ஆக, மூன்றரை ரூபாய்க்கு ஆண்டு வட்டி 26 ரூபாய். நூற்றுக்கு என்று பார்த்தால் ஏறத்தாழ 743. எந்த வட்டிக்கடையும் கேட்கத் துணியாத வட்டி இது. வட்டி என்ற சொல்லே எழுதப்படாத நோட்டில் இது இருந்தது. கடன் வாங்கிய ஊர்த் தெருக்காரர்களுக்கும் இதே விலைதானா, அல்லது எங்களுக்கு மட்டுந்தானா என்பதை நான் அறியேன். போய்க் கேட்கக் கூடிய நாள்களாகவும் அவை இல்லை.

தாயாரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "அவரு கடன் குடுக்கலேன்னா சனிக்கிழமை வரைக்கும் ஒலை எப்படிடா வைக்கிறது?" என்றார். என் சமன்பாட்டில் அதற்கு விடை இல்லை. எனினும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்தான் கேட்டார்: "ஒரு வாரக் காசு முன்னாடி கையில இருந்தா மூன்றரைக்கே வாங்கலாந்தானே?" நான் ஒரு மாதமாகப் போட்ட கணக்கை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எட்டு வீடுகள் சேர்ந்தன. வீட்டுக்கு வாரம் 5 கிலோ வீதம் 40 கிலோ அரிசி. மூன்றரை வீதம் 140 ரூபாய் ரொக்கம் வேண்டும். நெய்வேலியில் வேலை பார்த்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அந்த 140 ரூபாயைக் கைமாற்றாகக் கொடுத்தார். ரொக்கம் என்றவுடன் அதே கடைக்காரர் மூன்றரை ரூபாய்க்கே அரிசி அளந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர்கள் வழக்கம்போல் சனிக்கிழமை கிலோவுக்கு 4 ரூபாய் வீதமே பெரியம்மாவிடம் கட்டினார்கள். வாரம் 160 ரூபாய் சேர்ந்தது. 140 மறுபடி அரிசிக்கு, 20 ரூபாய் பெரியவருக்கு. ஏழாவது வாரம் கடன் அடைந்தது. எட்டாவது வாரம் முதல் அரிசி எட்டு வீட்டுக்கும் மூன்றரை ரூபாய். நான் எழுதிய முதல் கணக்கு நோட்டு அதுதான்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஓராண்டிற்குள் மூன்று வீடுகள் பழைய கடன் நோட்டுக்கே திரும்பிவிட்டன. ஒரு வீட்டில் பிரசவம், ஒரு வீட்டில் நீண்ட காய்ச்சல். இரண்டு வாரம் கூலி இல்லாதபோது எங்கள் கூட்டு கடன் கொடுக்க இயலவில்லை, கடைக்காரர் கொடுத்தார். அவருடைய 50 காசில் ஒரு பங்கு அந்த ஆபத்துக்கான விலை என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். ஆனாலும் 743 விழுக்காடு அதற்கு அதிகம் என்பதே இன்றும் என் கருத்து.

இதெல்லாம் பழங்கதை, இப்போது நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது, கடையிலும் அச்சிட்ட ரசீது தருகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மொத்தத் தொகையை மட்டும் சொல்லி வாங்கும் வழக்கம் போய்விடவில்லை. கைப்பேசியை நீட்டிப் பணம் செலுத்துகிறோம். கைப்பேசியில் பதிவாவதும் மொத்தம் மட்டுமே. பழைய பற்று நோட்டிலாவது சாமானின் அளவு இருந்தது!

சில காலத்துக்கு முன், என் பழைய மாணவி ஒருத்தி வீடு கட்டினாள். சிமென்ட்டும் கம்பியும் ஒரே வியாபாரியிடம் மூன்று சுமையாக வந்தன. வண்டி வாடகை இலவசம் என்று சொல்லியிருந்தார். துண்டுச் சீட்டில் அளவும் மொத்தமும் மட்டும். முதல் சுமை 20 மூட்டை சிமென்ட், 100 கிலோ கம்பி, 14,200 ரூபாய். இரண்டாவது 30 மூட்டை, 100 கிலோ, 17,500. மூன்றாவது 20 மூட்டை, 150 கிலோ, 17,300. அவள் பத்தாம் வகுப்பில் மூன்று மாறிச் சமன்பாட்டை என்னிடம் படித்தவள். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தாள்: 10 மூட்டை 3,300, மூட்டை 330. மூன்றாவதில் முதலாவதைக் கழித்தாள்: 50 கிலோ கம்பி 3,100, கிலோ 62. இவற்றை முதல் சுமையில் இட்டால் 6,600ம் 6,200ம் சேர்ந்து 12,800. மீதி 1,400 ரூபாய் எதற்கு? ஒவ்வொரு சுமையிலும் அதே 1,400 ஒளிந்திருந்தது, மூன்றுக்கும் 4,200. அவள் சண்டை போடவில்லை. நான்காவது சுமைக்கு முன்பு, "விலை, வரி, வண்டி வாடகை மூன்றையும் தனித்தனியாக எழுதி ரசீது கொடுங்கள், ஐயா" என்று மட்டும் கேட்டாள். ரசீது வந்தது, அதில் 1,400 இல்லை. கொடுத்த 4,200 திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதிலும் நான் சிறுவயதில் விழுந்த குழி உண்டு. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த நாளுக்கு முன் ஒரு சுமையும் பின் ஒரு சுமையும் வாங்கியவர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை தவறாகவே வரும். ஒரே விலை நிலவிய காலத்துச் சீட்டுகளை மட்டுமே சேர்க்க வேண்டும்.

வாங்கும்போது மட்டுமா, விற்கும்போதும் இது உதவும். நம் பகுதியின் செல்வம் முந்திரி. கொட்டையை எடை போட்டுவிட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு இவ்வளவு கழிப்பார்கள். ஒரு கிலோதான் கழிக்கிறோம் என்பார்கள். ஒருவர் 2 மூட்டை, 150 கிலோ போட்டு 16,060 ரூபாய் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அதே நாளில் அவருடைய தம்பி 3 மூட்டை, 240 கிலோ போட்டு 25,740 பெற்றார். முதல் கணக்கை மூன்றாலும், இரண்டாவதை இரண்டாலும் பெருக்கினால் இரண்டிலும் ஆறு மூட்டைக் கழிவு வந்து நீங்கிவிடும். 480 கிலோவுக்கும் 450 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு 30 கிலோ. தொகையின் வேறுபாடு 51,480 கழித்தல் 48,180, அதாவது 3,300. கிலோ 110 ரூபாய். அப்படியானால் 150 கிலோவுக்கு 16,500 வர வேண்டும், 440 குறைகிறது, மூட்டைக்கு 220. அதாவது மூட்டைக்கு 2 கிலோ கழிக்கப்பட்டிருக்கிறது, ஒன்றன்று. அண்ணனும் தம்பியும் தத்தம் சீட்டைத் தனித்தனியே மடித்து வைத்துக்கொண்டால் இது ஒருநாளும் வெளிப்படாது. இரண்டு சீட்டும் ஒரே பாயில் விரிக்கப்பட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் 2 கிலோ அரிசியும் 1 கிலோ பருப்பும், மறு வாரம் 4 கிலோ அரிசியும் 2 கிலோ பருப்பும் வாங்கினால், அது இரண்டு செய்தி அன்று. ஒரே செய்தியை இருமுறை சொன்னது. அதிலிருந்து தனி விலையைக் காண எவராலும் ஆகாது. ஆனால் இரண்டாவது தொகை முதலாவதைப் போல் சரியாக இரு மடங்காக இல்லையென்றால், ஏதோ மாறியிருக்கிறது என்று உடனே தெரியும். விலை கழித்தல் குறியோடு வந்தால், கடைக்காரர் நமக்குப் பணம் கொடுத்துப் பருப்பும் கொடுத்தார் என்று பொருள். அப்போது நம் கணக்கைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். சில்லறை இல்லாமல் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் முழுதாக்கியிருந்தால் விடையும் சற்றே பிசகும். அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது.

எடைக்கல்லிலும் தராசிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நம் உரிமை. நம் மாநிலத்தில் அதை மேற்பார்வையிடுவது தொழிலாளர் துறை. உறையிட்ட பொருளில் நிகர எடையும் அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். உறை பழைய அளவிலேயே இருக்க, உள்ளே எடை மட்டும் குறைந்துகொண்டே வரும் விந்தையை நம் தாய்மார்கள் நன்கறிவார்கள். முறையிட வேண்டுமானால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் அவர்களைச் சட்ட மேதை என்று மேடைதோறும் போற்றுகிறோம். அவர் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவர் அறிவியல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருள் அது. நாணயத்தின் மதிப்பு குறைந்தால் விலை ஏறி யாருடைய கை வெறுங்கையாகிறது என்பதே அதன் அடிப்படைக் கவலை. நம் அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் வார இதழ் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்தார். வாங்குபவன் என்ன கொடுக்க வேண்டும் என்பதில் ஒளிவு மறைவு இல்லாத இதழ் என்று நான் வேடிக்கையாக என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாலை வகுப்பு நடக்கும் அறையில் ஒரு பெரிய நோட்டு வையுங்கள். எந்தக் கடை என்ற பெயர் வேண்டாம். நாள், பொருள், அளவு, மொத்தத் தொகை, ரொக்கமா கடனா, இவ்வளவு போதும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாரம் ஒரு சீட்டு வரட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விலையைக் கண்டுபிடிக்கட்டும். பாடநூலில் உள்ள கணக்கு முடிந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் இனிச் சொல்ல முடியாது.

தொடக்கமாக ஒரு கணக்கைக் கொடுத்துச் செல்கிறேன். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று சீட்டு. சோப்பு 4, எண்ணெய் 1 லிட்டர், 340 ரூபாய். சோப்பு 2, எண்ணெய் 3 லிட்டர், 570 ரூபாய். சோப்பு 3, எண்ணெய் 2 லிட்டர், 465 ரூபாய். முதல் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மூன்றாவது வர வேண்டும். வரவில்லை, 10 ரூபாய் இடிக்கிறது. மூன்றாவது சீட்டில்தான் தவறு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். முதலாவதோ இரண்டாவதோ தவறாக இருந்தாலும் இப்படித்தான் இடிக்கும். எது தவறு என்று துணிய நான்காவது சீட்டு ஒன்று வேண்டும். அதில் என்ன அளவு வாங்கியிருந்தால் நமக்கு உதவும், என்ன அளவு உதவாது என்பதை எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பறையில் கொடுங்கள். நான் நேரில் வந்து பார்க்கிறேன்.